வயிற்றில் இருந்தது குழந்தை இல்லை: 1809-ல் நடந்த ஒரு சினைப்பைக் கட்டி அறுவை

நோயாளி: ஜேன் டாட் கிராஃபோர்ட். வயது நாற்பதுகளின் நடுவில், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர். ஊர்: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் பக்கம். காலம்: 1809 டிசம்பர்.

பல மாதங்களாக வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. கர்ப்பம் என்றே அவர் நம்பியிருந்தார். பிறகு பிரசவ வலி போலவே வலி எடுக்கத் தொடங்கியது. எதற்கும் அடங்கவில்லை, குழந்தையும் வரவில்லை. பார்த்த இரண்டு மருத்துவர்களும் நாள் கடந்த கர்ப்பம் என்று முடிவுகட்டி, பிரசவம் பார்க்கத் துணைக்கு வரச் சொல்லி டான்வில் ஊரிலிருந்த எஃப்ரெய்ம் மெக்டவலுக்கு ஆள் அனுப்பினார்கள். டான்வில் அங்கிருந்து 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். மெக்டவலுக்கு அப்போது 38 வயது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பாடம் கேட்டுவிட்டு, பட்டம் வாங்காமலே ஊர் திரும்பித் தொழில் செய்துகொண்டிருந்தவர்.

மருத்துவ வரலாற்றில் இந்த நிகழ்வுக்குத் தனி இடம் உண்டு. சினைப்பைக் கட்டியை எடுப்பதற்கென்றே வயிற்றைத் திறந்து, முழுக் கட்டியையும் வெளியே எடுத்து, நோயாளி பிழைத்ததாகப் பதிவான முதல் அறுவை இதுதான். நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த 'முதல்' இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சினைப்பையில் கட்டி' என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்த ஒரு பெண்ணிடம் இன்றைய மருத்துவர் கேட்கும் கேள்விகளில் முக்கியமானவை எல்லாம் இந்த ஒரே நோயாளியிடம் வந்துவிடுகின்றன. கட்டி எங்கிருந்து கிளம்பியது? நகருமா, ஒட்டியிருக்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது? எடுத்தே ஆக வேண்டுமா? எடுப்பதை முடிவு செய்வது யார்?

பரிசோதனையில் கண்டது

மெக்டவல் தன் குறிப்பில் எழுதியிருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு தெளிவான மூளை வேலை செய்வது தெரிகிறது. வயிறு கர்ப்பிணியின் வயிறு போலத்தான் இருந்தது. ஆனால் பெருக்கம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையால் தள்ளினால் சுலபமாக மறுபக்கம் போனது. அடுத்து உள்பரிசோதனை. கர்ப்பப்பையில் எதுவும் இல்லை. அப்படியானால் இது பெருத்துப்போன சினைப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அவ்வளவுதான். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. பிரசவம் பார்க்க அழைக்கப்பட்டவர், பிரசவமே இல்லை என்று சொன்னார். எனக்கு அறுவையைவிட இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. இரண்டு மருத்துவர்களும் நோயாளியும் ஒருமித்துக் 'கர்ப்பம்' என்று சொல்லும்போது, மூன்றாவதாக வருபவரும் அதற்கே தலையாட்டிவிடுவதுதான் வழக்கம்.

வயிற்றைக் கையால் தொட்டுச் சொல்வது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இன்னொரு சம்பவம் இருக்கிறது. 1820-களில், மெக்டவலின் குறிப்பைப் படித்த ஜான் லிசார்ஸ் என்ற அறுவை மருத்துவர் எடின்பரோவில் ஒரு பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டி என்று முடிவு செய்து வயிற்றைத் திறந்தார். உள்ளே கட்டியே இல்லை. கொழுப்பும், காற்று நிரம்பி உப்பிய குடலும்தான் இருந்தன.

இன்று அந்த வேலையை அல்ட்ராசவுண்ட் செய்கிறது. இருந்தாலும் வயிறு பெருத்து வரும் பெண்ணுக்கு முதல் பரிசோதனை இன்றும் கர்ப்பமா இல்லையா என்பதுதான். அதிலும் அடிவயிற்று வலியோடு வருபவர் பிள்ளை பெறும் வயதில் இருந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் 'சிஸ்ட் வலி' என்று அனுப்பக் கூடாது.

சம்மதம்

மெக்டவல் அந்தப் பெண்ணிடம் ஒளிவு மறைவு வைக்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றை எடுத்துத் தான் பார்த்ததில்லை, யாரும் முயன்றதாகக் கேள்விப்பட்டதும் இல்லை, நிலைமை ஆபத்தானது என்று சொல்லியிருக்கிறார். இது ஒரு சோதனை முயற்சிதான். டான்வில் வரை வருவதானால் செய்கிறேன் என்றார்.

அன்று இதற்கு இருந்த மாற்று வழி வயிற்றில் துளையிட்டு நீரை வடிப்பது. வடித்தால் சில வாரம், சில மாதம் நிம்மதி; மறுபடி நிரம்பும், மறுபடி வடிக்க வேண்டும். ஜேனின் கட்டிக்கு அதுவும் சரிப்பட்டிருக்காது. ஏன் என்பது கீழே வரும்.

அவர் குதிரையில் ஏறினார். டிசம்பர் குளிரில், வயிற்றுக் கட்டி சேணத்தின் முன்கொம்பில் இடித்துக்கொண்டே வர, அந்த 60 மைலையும் சில நாட்களில் கடந்தார். வண்டியிலோ வேறு எப்படியோ வந்தாலும் இந்தப் பயணம் ஏறக்குறைய முடியாத காரியம் என்று மெக்டவலே எழுதுகிறார். அறுவையின்போது பார்த்தால் வயிற்றுச் சுவர் நன்றாகவே கன்றிப்போயிருந்தது. சேணக் கொம்பு இடித்த காயம் அது.

25 நிமிடம்

அறுவை கிறிஸ்துமஸ் அன்று நடந்ததாகச் சொல்லப்படுகிறது. மெக்டவலின் குறிப்பில் மாதம் மட்டும்தான் இருக்கிறது. இடம் அவருடைய வீடு. துணைக்கு அவருடைய உறவுப் பையனும் சக மருத்துவருமான ஜேம்ஸ் மெக்டவல். ஈதர் மயக்கம் பொதுமேடையில் நிரூபிக்கப்பட்டது 1846-ல். கிருமி என்ற எண்ணம் அறுவைக் கூடத்துக்குள் நுழைந்தது 1867-ல், ஜோசப் லிஸ்டர் மூலமாக. அதாவது வலி தெரியாமல் செய்ய வழியில்லை. கையைக் கழுவ வேண்டும் என்பதும் சட்டமில்லை. வலி பொறுக்க ஜேன் வேதாகமத்துச் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சாதாரண உயரமுள்ள ஒரு மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். வயிற்றின் நடுத்தசையிலிருந்து 3 அங்குலம் தள்ளி, இடது பக்கம், தசை ஓடும் திசையிலேயே 9 அங்குல நீளத்துக்குக் கீறினார் மெக்டவல். திறந்ததும் குடல் சரிந்து மேசைக்கு வந்துவிட்டது. வயிறு முழுக்கக் கட்டி அடைத்திருந்ததால் அறுவை முடியும்வரை அதைத் திரும்ப உள்ளே வைக்க இடமில்லை. கட்டியை முழுசாக எடுக்கவும் முடியவில்லை. கர்ப்பப்பைக்கு அருகே கருக்குழாயைச் சுற்றி ஒரு வலுவான கட்டுப் போட்டார். பிறகு கட்டியைக் கீறித் திறந்து, அழுக்கு நிறத்தில் ஜெல்லி போலிருந்த 15 பவுண்டு சரக்கை வழித்தெடுத்தார். அப்புறம் குழாயை வெட்டிப் பையை எடுத்தார். பை மட்டும் ஏழரை பவுண்டு. மொத்தம் இருபத்திரண்டரை பவுண்டு, பத்து கிலோவுக்குச் சற்று மேல்.

ரத்தம் வடிவதற்காக அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். அதன் பின் தையல். கருக்குழாயைக் கட்டிய நூலின் முனையைக் கீறலின் கீழ் நுனி வழியாக வெளியே விட்டுவைத்தார். உள்ளே கரையும் நூல் எல்லாம் பின்னாளில்தான் பரவலாக வந்தவை. தையலுக்குத் தையல் நடுவே ஒட்டுப்பட்டை. எல்லாம் சுமார் 25 நிமிடத்தில் முடிந்தது.

ஐந்தாம் நாள் பார்க்கப் போனால் நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார். மெக்டவலுக்கு ஆச்சரியம், கூடவே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி ஓர் எச்சரிக்கை. இன்றைக்கு இதே அறுவை செய்தவரை மறுநாளே எழுப்பி நடக்கவைக்கிறோம், காலில் ரத்தம் உறையாமலிருக்க. தன்னையறியாமல் ஜேன் சரியாகத்தான் செய்திருக்கிறார். 25-ஆம் நாள் ஊர் திரும்பினார். இறந்தது 1842-ல்.

ஏன் பிழைத்தார் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. என் கணிப்பு இது: கட்டி எதனோடும் ஒட்டவில்லை, அதனால் பிய்த்தெடுக்கும் வேலையும் ரத்தப்போக்கும் குறைவு. பல நோயாளிகளின் சீழ் கலந்த பெரிய ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடக்காமல் ஒரு வீட்டில் நடந்தது. மீதி அதிர்ஷ்டம்.

அது என்ன கட்டி?

திசுப் பரிசோதனை இல்லாத காலம் என்பதால் இதை ஊகமாகத்தான் சொல்ல முடியும். ஜெல்லி போன்ற சரக்கு, அந்த எடை, 30 ஆண்டுக்கு மேல் திரும்ப வராதது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், சளி போன்ற திரவம் சுரக்கும் சாதுவான, அதாவது புற்றல்லாத கட்டி, மருத்துவப் பெயரில் மியூசினஸ் சிஸ்டடினோமா என்பதுதான் பொருத்தமாக வருகிறது.

சினைப்பைக் கட்டிகளில் பிரம்மாண்டமாக வளர்வது பெரும்பாலும் இந்த ரகம்தான். பையின் உள்சுவரே சுரந்துகொண்டிருக்கும். சுரப்புக்கு வெளியேற வழி கிடையாது. உள்ளே மாதுளம்பழம் போல அறை அறையாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் துளையிட்டு வடிப்பது இதற்கு உதவாது: ஓர் அறையை வடித்தால் மற்ற அறைகள் அப்படியே இருக்கும், கெட்டியான ஜெல்லி ஊசியில் இறங்கவும் இறங்காது, சுரக்கும் சுவர் உள்ளேயே நிற்கும். சாதாரண நீர்ப்பையில்கூட ஊசியால் உறிஞ்சினால் பல பேருக்குத் திரும்ப நிரம்பிவிடுகிறது. அதனால் அதை வழக்கமான சிகிச்சையாக இன்றும் பரிந்துரைப்பதில்லை.

மெக்டவல் செய்ததில் இன்றைய மருத்துவர் பொதுவாகத் தவிர்க்கப் பார்க்கும் ஒன்று உண்டு: கட்டியை வயிற்றுக்கு மேலேயே கீறித் திறந்தது. சளிச் சுரப்புக் கட்டியில் புற்று அணுக்கள் ஒளிந்திருந்தால் அந்தச் சிந்தலே நோயை வயிறெங்கும் பரப்பிவிடலாம். அதனால் சந்தேகத்துக்குரிய பெரிய கட்டி என்றால் கீறலைப் பெரிதாக்கியாவது முழுசாக எடுக்கப் பார்ப்பார்கள். 1991-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பெண்ணின் சினைப்பைக் கட்டியை உடையாமல் எடுத்தார்கள். எடை 137 கிலோ. மெக்டவலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மயக்க மருந்து இல்லாத நோயாளியிடம் அவருக்கு இருந்தது 9 அங்குல வழியும் சில நிமிடமும்தான்.

பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே வேண்டாம்

ஜேனின் கதையைக் கேட்டுவிட்டு எல்லாக் கட்டியும் இப்படித்தான் என்று பயப்படக் கூடாது. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதில் ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு சின்ன நீர்ப்பை உருவாகத்தான் செய்யும். முட்டையைச் சுமக்கும் அந்தப் பை 2 செ.மீ. அளவைத் தாண்டி வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். சுழற்சியின் நடுவில் ஸ்கேன் எடுத்தால் அது தெரியும். 3 செ.மீ. வரை உள்ள வெறும் நீர்ப்பையை இயல்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சில மாதம் அது வெடிக்காமல் வளர்ந்துவிடும். சில மாதம் முட்டை போன பிறகு மிஞ்சும் மஞ்சள் நிறப் பை மூடிக்கொண்டு, உள்ளே ரத்தம் கசிந்து நிற்கும். ஸ்கேனில் சிலந்தி வலை மாதிரி தெரிவது அது. இரண்டுமே இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாக வற்றிவிடும் ரகம். இவற்றைக் கரைக்க என்று கருத்தடை மாத்திரை கொடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் கட்டி மறையும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. புதிதாக வருவதை அது குறைக்கலாம், இருப்பதைக் கரைக்காது.

பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு வெறும் நீர் மட்டும் உள்ள கட்டி 5 செ.மீ.க்குக் கீழே என்றால் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம் என்கிறது. 5 முதல் 7 வரை ஆண்டுக்கு ஒரு ஸ்கேன். 7-க்கு மேல் போனால் எம்ஆர்ஐ அல்லது அறுவை பற்றி யோசிக்க வேண்டும். அந்த அளவில் ஸ்கேன் முழுக் கட்டியையும் சரியாகப் பார்க்க முடியாது என்பதும் ஒரு காரணம். அதே வழிகாட்டுதல் தரும் இன்னோர் எண்ணிக்கை மனதை ஆற்றக்கூடியது: இந்த வயதில் தொந்தரவோடு வரும் கட்டிகளில் புற்றாக இருப்பது ஆயிரத்தில் ஒன்று அளவு, 50 வயதில் ஆயிரத்தில் மூன்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பிசிஓடி' என்று சொல்லப்படுவது இந்தக் கட்டி கிடையாது. அதில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற குட்டிக் குட்டி முட்டைப் பைகள், சில மில்லிமீட்டர் அளவு. அது ஹார்மோனும் இன்சுலினும் சம்பந்தப்பட்ட பிரச்சினை. எடுத்துப் போட அங்கே கட்டி எதுவும் இல்லை. இரண்டையும் 'நீர்க்கட்டி' என்ற ஒரே பேரில் சொல்வதால், பிசிஓடி உள்ள கல்லூரிப் பெண்ணின் அம்மா ஆபரேஷன் செலவை விசாரித்துக்கொண்டிருப்பார்.

தானாகப் போகாதவை

ஜேனின் கட்டியைப் போலத் தானாக வற்றாத கட்டிகளில் டெர்மாய்ட் முக்கியமானது. முட்டை அணுவிலிருந்தே கிளம்புவதால் அதற்குள் முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். செய்வினை, கர்மவினை என்று எதுவும் இல்லை. உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய அணு அது. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்று மெதுவாகவே வளரும், பெரும்பாலும் சாது. சின்னதாக இருந்தால் காத்திருக்கலாம். எடுக்கும்போது உள்ளிருக்கும் கொழுப்பு வயிற்றுக்குள் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிந்தினால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றறையின் சவ்வு புண்ணாகிவிடலாம்.

அடுத்தது சாக்லேட் சிஸ்ட். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து, அது பழசாகிக் கரும்பழுப்பாகத் தேங்கும். இதில்தான் அறுவை முடிவு மிகவும் சிக்கலானது. கட்டியின் தோலை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போகும். மிச்சமிருக்கும் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவு இறங்கும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு, அதிலும் இரண்டு பக்கமும் கட்டி என்றால், அவசரப்பட்டு எடுப்பது நஷ்டமாக முடியலாம். முதலில் ஏஎம்எச் பார்ப்பது, மாத்திரையால் வலியை அடக்க முடியுமா என்று பார்ப்பது, ஐவிஎஃப் செய்வதானால் எது முதலில் என்று பேசி முடிவெடுப்பது என்பதே ஒழுங்கு. "வயித்துல கட்டி வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறது, எடுத்துடுங்க டாக்டர்" என்று குடும்பம் நெருக்கும். நெருக்கலுக்கு இணங்கிப் போகாத மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு வரும் கட்டியைச் சற்று சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், முட்டை உருவாவதே நின்றுவிட்டதால். அங்கே ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஸ்கேனில் பல அறைகள், திடமான பகுதி, இரண்டு பக்கமும் இருப்பது, வயிற்றில் நீர், வேறு இடத்துக்குப் பரவிய அடையாளம் ஆகிய ஐந்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் இருந்தால் 3. மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இவற்றை ரத்தத்தில் உள்ள சிஏ-125 என்ற புரதத்தின் அளவோடு பெருக்க வேண்டும்; சினைப்பைப் புற்றில் அது ஏறுவதுண்டு. 60 வயதுப் பெண்ணுக்குப் பல அறைகள் மட்டும் தெரிகின்றன, சிஏ-125 அளவு 30 என்றால் 1 × 3 × 30 = 90. அதே பெண்ணுக்குத் திடப் பகுதியும் இருந்தால் 3 × 3 × 30 = 270. 200-ஐத் தாண்டினால் புற்று அறுவையில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்ப வேண்டும். சிஏ-125 மட்டும் பார்த்தால் இரண்டு தடவையும் 35 என்ற இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது மறுபக்கமும் ஏமாற்றும். மாதவிலக்கு நாட்கள், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (சாக்லேட் சிஸ்டை உண்டாக்கும் நோய்), கர்ப்பப்பைத் தசைக்கட்டி எல்லாமே சிஏ-125-ஐ ஏற்றும். காசநோய் இன்னும் விலகாத நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வயிற்றுக் காசநோய் வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125-ஐ நூற்றுக்கணக்கில் ஏற்றி, அசல் சினைப்பைப் புற்று மாதிரியே வேஷம் போடும். அது மாத்திரையில் குணமாகும் நோய். திசுவோ நீரோ எடுத்துப் பார்க்காமல் முடிவுகட்டினால் தப்பான சிகிச்சையில் போய் நிற்க வேண்டியதுதான்.

நகரும் கட்டியின் ஆபத்து

மெக்டவல் கையால் தள்ளியதும் மறுபக்கம் போனதே, அந்த நகர்வு அறுவைக்கு வசதி. ஒட்டாமல், நீளமான காம்பில் தொங்குகிறது என்று அர்த்தம். ஆனால் அதே காம்புதான் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். முறுக்கிக்கொண்டால் சினைப்பைக்குப் போகும் ரத்தம் நிற்கும். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று பிடித்து இழுக்கும் வலி, கூடவே வாந்தி. வலி வந்து வந்து போகவும் செய்யலாம். அதனால் 'வாயு' என்று ஓமத் தண்ணீரும் மாத்திரையுமாக ஒரு ராத்திரி கழிந்துவிடுகிறது. அந்த ராத்திரியில் சினைப்பையே போய்விடக்கூடும்.

முறுக்கிக்கொள்பவை பெரும்பாலும் 5 செ.மீ.க்கு மேற்பட்டவை. வயிற்றையே அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் திரும்பவே இடமிருக்காது. ஜேன் குதிரையில் அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் முறுக்காததற்கு அந்தப் பருமனே காரணமாக இருந்திருக்கலாம். ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதால் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிகுறி பொருந்தினால் சின்னத் துளை வழியே லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்துவிடுவதே நல்லது. முன்பெல்லாம் கறுத்து நீலம்பாரித்த சினைப்பையைப் பார்த்ததும் எடுத்துவிடுவார்கள். இப்போது முறுக்கைப் பிரித்துவிட்டு அப்படியே விட்டுவைக்கச் சொல்கிறார்கள். பார்ப்பதற்குச் செத்தது போலிருப்பவை பலவும் பிறகு மீண்டு வேலை செய்கின்றன. இளம்பெண்ணுக்கு இரவில் இந்த அறுவை என்றால், "முறுக்கை மட்டும் பிரித்துச் சினைப்பையை வைக்க முடியுமா" என்று உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டி உடைவது வேறு விஷயம். உடற்பயிற்சியின்போதோ உறவின்போதோ சுருக்கென்ற வலியோடு உடையும். பெரும்பாலும் வலி மாத்திரையோடு ஓரிரு நாளில் அடங்கிவிடும். தலைசுற்றல், வெளிறுதல், தோள்பட்டையில் வலி என்று சேர்ந்தால் உள்ளே ரத்தம் போகிறது. அது உடனே போக வேண்டிய கேஸ்.

பெயர் இல்லாத இரண்டு நோயாளிகள்

மெக்டவல் இந்த அறுவையை உடனே எழுதவில்லை. 1817-ல்தான் பிலடெல்பியாவின் ஒரு மருத்துவ இதழில், மேலும் இரண்டு நோயாளிகளோடு சேர்த்து வெளியிட்டார். விவரம் போதாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். லண்டன் இதழாசிரியர் ஜேம்ஸ் ஜான்சன் கிண்டலாகவே எழுதினார். பின்னாளில் ஆதாரம் சேர்ந்ததும் கடவுளிடமும் டான்வில் மெக்டவலிடமும் மன்னிப்புக் கேட்டு அச்சிட்டார்.

அந்த மற்ற இரண்டு நோயாளிகளும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் பெயர் கட்டுரையில் இல்லை. இரண்டாமவரின் கட்டி நகரவில்லை, ஒட்டியிருந்தது. அதனால் அறுவை வேண்டாம் என்பதே மெக்டவலின் எண்ணம். அவளை அடிமையாக வைத்திருந்த எஜமானர் வற்புறுத்தியதாலும் அவளுடைய வேதனையைப் பார்த்தும் இணங்கியதாக எழுதுகிறார். வயிற்றைத் திறந்தால் கட்டி சிறுநீர்ப்பையோடும் கர்ப்பப்பையோடும் இறுக ஒட்டிக்கிடந்தது. எடுத்தால் உயிர் போகும் என்று, கத்தியால் குத்தி உள்ளிருந்ததை வடித்துவிட்டு மூடினார்.

மருத்துவமாகப் பார்த்தால் பாராட்ட வேண்டிய முடிவு அது: எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஜேனிடம் "நீ வந்தால் செய்கிறேன்" என்று சொன்னவர், இங்கே யாருடைய விருப்பத்தை முதலில் எழுதுகிறார் என்று பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையே கிடையாது. 'சினைப்பை அறுவையின் தந்தை' என்று மெக்டவலைக் கொண்டாடும் கட்டுரைகள் குதிரைப் பயணத்தைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

ஜேன் இன்று வந்தால்

வயிறு முழுக்க அடைத்த, பல அறைகள் கொண்ட கட்டியோடு ஒருவர் வந்தால் இன்றும் லேப்ராஸ்கோபி பொதுவாகத் தோது இல்லை. சிறிய, சாதுவான கட்டிகளுக்கு மூன்று நான்கு துளையில் முடிந்துவிடும் வேலை அது. கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு இழுப்பார்கள், ஓரிரு நாளில் வீடு. ஜேனுக்கு அதற்கு முன்னால் எம்ஆர்ஐ, சிஏ-125, கூடவே சிஇஏ, சிஏ 19-9 என்ற வேறு இரண்டு ரத்தப் பரிசோதனைகள்; பெருங்குடல், குடல்வால் பக்கமிருந்து பரவிய சளிக் கட்டியாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. பிறகு நடுவயிற்றில் நீளக் கீறல். மல்லாக்கப் படுத்தால் பத்து கிலோவும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால், மயக்க மருத்துவர் மேசையைச் சற்றுச் சாய்த்துவைப்பார்.

கட்டி வெளியே வந்ததும் ஒரு துண்டு உறையவைத்துச் சோதிக்கப் போகும். அந்த அரைமணி நேரத்தில் வரும் பதிலைப் பொறுத்துத்தான் ஒரு பக்கச் சினைப்பையோடு நிறுத்துவதா, கர்ப்பப்பை, மறுபக்கச் சினைப்பை, குடலைப் போர்த்திய கொழுப்புப் படலம் என்று போவதா என்பது முடிவாகும். நோயாளி அப்போது மயக்கத்தில் இருப்பார். அதனால் இந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். சாதுவாக இருந்தால் எதை வைப்பீர்கள், சந்தேகமாக இருந்தால் எதை எடுப்பீர்கள், குழந்தை இன்னும் வேண்டுமென்றால் திட்டம் மாறுமா என்று கேட்டு, பதிலைச் சம்மதப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் கணவரோ அண்ணனோ சாட்சிக் கையெழுத்துப் போடலாம். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் சம்மதம் அவருடையதுதான்.

உறைய வைத்த சோதனை முதல் பதில்தான், அதுவும் சளிக் கட்டிகளில் சில சமயம் தவறும்; பெரிய கட்டியின் ஒரு மூலையில் மட்டும் கெட்ட அணுக்கள் இருக்கலாம். முழு பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தையல் பிரிக்க வரும் அன்று அதைக் கேட்டு வாங்க வேண்டும். "கட்டிதான் எடுத்தாச்சே" என்று ரிப்போர்ட்டை வாங்காமலே போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் 'பார்டர்லைன்' (சாதுவுக்கும் புற்றுக்கும் இடைப்பட்டது) என்று ஒரு வார்த்தை இருந்தால் அடுத்த சில ஆண்டுகளின் ஸ்கேன் அட்டவணையே மாறும்.